ஷூட்-அவுட் வேண்டாம், மருமகனே

பத்தமடை,
28-5-2025

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். இந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. அக்னி நட்சத்திரம் கழியுமுன்னே மேற்கே மலை கறுத்துவிட்டது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. சாயங்காலம் கால்வாய்க் கரை வரை நடந்து போகிறாள். திரும்பும்போது மட்டும் தெரிந்த பிள்ளை யாராவது ஸ்கூட்டரில் வந்தால் ஏறிக்கொள்கிறாள். டாக்டர் நடக்கச் சொன்னது போகிற வழிக்கு மட்டும்தானாம்.

நீ போனில் பேசியதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். நீ பாதி, நான் பாதி பேசி முடிப்பதற்குள் உன் அம்மா போனை வாங்கி, "சாப்பிட்டியாய்யா" என்று ஆரம்பித்துவிட்டாள். பிறகு பேச்சு உன் வீட்டு அரிசிக்குப் போய்விட்டது. அதனால் எழுதுகிறேன். ஆபீஸில் வைத்துப் படிக்காதே, வீட்டில் உட்கார்ந்து படி.

ஐஸ் ஹாக்கி ப்ளே-ஆஃபில் உங்கள் டொராண்டோ லீஃப்ஸின் ஏழாவது ஆட்டம் முடிந்ததும் சின்னவன் தன் நீல ஜெர்சியைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டான் என்றாய். நீ அதை எடுத்து, துவைத்து, பீரோவில் ஒளித்து வைத்திருக்கிறாயாம். சரியான காரியம். அன்று அரங்கத்திலேயே வளர்ந்த ஆட்கள் ஜெர்சியைக் கழற்றி ஐஸ் மேல் வீசினார்கள், பத்து வயசுப் பிள்ளையை என்ன சொல்ல? சொந்த ஊரில் 6-1. முதல் இரண்டு ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டு, தொடரை நாலுக்கு மூன்று என்று ஃபுளோரிடாவிடம் கொடுத்தார்கள். பிள்ளை அழத்தான் செய்வான்.

நீ சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்கு ஒப்பவில்லை. ப்ளே-ஆஃப் ஆட்டம் சமனில் நின்றால் ஓவர்டைம் மேல் ஓவர்டைம் என்று இழுக்காமல், ஷூட்-அவுட் வைத்து முடித்துவிட வேண்டும் என்கிறாய். ராத்திரி முழிப்பு, மறுநாள் ஆபீஸ், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். உன் கஷ்டம் புரிகிறது. ஆனால் எனக்கு அந்தக் கஷ்டம் கிடையாது என்பதையும் பார். அங்கே ராத்திரி ஏழு மணி ஆட்டம் இங்கே விடியற்காலை நாலரை. ஓவர்டைம் வரும்போது குளித்து முடித்து இட்லிக்கு உட்கார்ந்திருப்பேன். மூன்றாவது ஆட்டத்தில் ஃபுளோரிடாவின் மார்ச்சண்ட் அந்த ஓவர்டைம் கோலைப் போட்டானே, அப்போது இங்கே நல்ல வெயில். சட்னியைத் தொடாமலே எழுந்துவிட்டேன். உன் அத்தை இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

நான் புல்தரை ஹாக்கி ஆள் என்பது உனக்குத் தெரியும். புல்தரை என்பதே மரியாதைக்குச் சொல்வது. நாங்கள் ஆடியது சரளையும் செம்மண்ணும். நம் சீமையில் ஹாக்கி என்றால் கோவில்பட்டி. அங்கே தெருவுக்குத் தெரு மட்டை பிடித்த பிள்ளைகள் உண்டு, ஊருக்கே ஹாக்கிப்பட்டி என்று பெயர். கோடையில் லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கு ரயில்வே, வங்கி, ராணுவம் என்று வடக்கே இருந்தெல்லாம் அணிகள் வரும். 2022இல் ஆசியக் கோப்பைக்குப் போன இந்திய அணியில் மாரீஸ்வரன் சக்திவேல் இருந்தானே, அவன் அந்த ஊர்ப் பிள்ளைதான். இப்போது அங்கே செயற்கை இழைத் தரை வந்துவிட்டது. நாங்கள் போன காலத்தில் விழுந்தால் முட்டியில் பாதி மைதானம் ஒட்டிக்கொண்டு வரும்.

அங்கே நான் பார்த்த ஆட்டங்களில் பெனால்டி ஸ்ட்ரோக்கில் முடிந்தவை உண்டு. ஆனால் அதில் எதையும் என்னால் உனக்குக் கதையாகச் சொல்ல முடியாது. ஒருத்தன் அடித்தான், ஒருத்தன் தடுத்தான், முடிந்தது. எழுபது நிமிஷம் ஓடியவர்கள் எல்லாம் தோளில் கை போட்டுக்கொண்டு வரிசையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அப்படி முடிகிற ஆட்டத்தில் இடது பக்கம் ஓடி ஓடி நுரை தள்ளியவனுக்கு என்ன மரியாதை?

இதற்கு நேர் எதிராக ஒன்று சொல்கிறேன். 1975 மார்ச், கோலாலம்பூர், உலகக் கோப்பை அரையிறுதி. இந்தியாவுக்கும் மலேசியாவுக்கும். கடைத்தெருவில் ஒரே ரேடியோ. ஹிந்தி வர்ணனை எங்களில் ஒருவனுக்கும் புரியவில்லை. பெயர்கள் மட்டும் புரிந்தன, குரல் ஏறுவது புரிந்தது. 2-1 என்று பின்தங்கி, ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது பெனால்டி கார்னர். அதுவரை வெளியே உட்கார்ந்திருந்த அஸ்லம் ஷேர் கானை இறக்கினார்கள். கழுத்துத் தாயத்தை முத்தமிட்டுவிட்டு அடித்தான் என்று பிறகு படித்தோம். 2-2. அத்தோடு ஸ்ட்ரோக் வைத்து முடிக்கவில்லை. கூடுதல் நேரம் ஆடினார்கள், ஹர்சரண் சிங் மூன்றாவதைப் போட்டார். இறுதியில் பாகிஸ்தானை 2-1 என்று ஜெயித்து உலகக் கோப்பையை வாங்கி வந்தது அந்த அணி. ஐம்பது வருஷம் ஆகிறது. அந்த அரையிறுதியின் வரிசையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

நீ உடனே பாரிஸை எடுப்பாய். தெரியும். 2024 ஆகஸ்ட் 4, ஒலிம்பிக் காலிறுதி, பிரிட்டனை ஷூட்-அவுட்டில் 4-2 என்று ஜெயித்தோம், கீப்பர் ஶ்ரீஜேஷ் சுவர் போல நின்றான், நீங்கள்தான் மாமா போனில் சத்தம் போட்டீர்கள் என்பாய். போட்டேன். ஆனால் அந்த ஆட்டத்தில் எனக்கு மனசில் நிற்பது அதற்கு முந்தின பகுதி. 17ஆவது நிமிஷத்தில் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. மீதி நாற்பது நிமிஷத்துக்கு மேல் பத்துப் பேர் ஆடி, ஒரே ஒரு கோல் விட்டு, 1-1 என்று நிறுத்தினார்கள். ஷூட்-அவுட் அதற்குப் பரிசு என்று வேண்டுமானால் சொல். பத்துப் பேராய் நின்றதுதான் ஆட்டம். இப்போது எங்கள் ஹாக்கியில் கூடுதல் நேரத்தையே எடுத்துவிட்டார்கள். அறுபது நிமிஷம் முடிந்ததும் நேராக எட்டு விநாடி, ஒற்றைக்கு ஒற்றை. நடத்துகிறவர்களுக்கு வசதி, டிவிக்காரனுக்கும் வசதி.

உங்கள் ஐஸ் ஹாக்கிக்காரர்களும் அந்த வசதியைத் தேடாமல் இல்லை. 2005 முதல் என்.ஹெச்.எல். லீக் ஆட்டங்களில் ஷூட்-அவுட் உண்டு. பிறகு அதற்கு முன்னால் ஆடும் ஐந்து நிமிஷத்தை மூன்று பேருக்கு மூன்று பேர் என்று மாற்றினார்கள். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை எதை வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். ஆனால் ப்ளே-ஆஃப் தொடங்கியதும் அதையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள். இருபது நிமிஷம், முழு அணி, ஒரு கோல் விழும்வரை. விழவில்லையா, ஐஸைத் துடைத்துவிட்டு மறுபடி இருபது நிமிஷம். 2023இல் உன் வீட்டில் தங்கியிருந்தபோது நான் அந்த ஆட்டத்தின் மேல் மரியாதை வைத்தது இந்த ஒரு சட்டத்தால்தான். முதல் வாரம் எனக்குப் பக் என்கிற அந்த ரப்பர் வில்லையே கண்ணில் படவில்லை என்பது வேறு விஷயம்.

எதுவரை போகும் என்று கேட்டாய் அல்லவா? 1936 மார்ச் 24, மான்ட்ரியல். டெட்ராய்ட் ரெட் விங்ஸும் மான்ட்ரியல் மரூன்ஸும் அரையிறுதியின் முதல் ஆட்டம். மூன்று பகுதி முடிந்தது, கோல் இல்லை. முதல் ஓவர்டைம், இரண்டாவது, மூன்றாவது, கோல் இல்லை. நாலு, ஐந்து போயின. ஆறாவது ஓவர்டைமில் 16 நிமிஷம் 30 விநாடி ஆனபோது மட் புரூனட்டோ என்ற 21 வயசுப் பையன் ஒன்றைத் தள்ளிவிட்டான். அந்த லீக் பருவம் முழுக்க அவன் போட்டதே இரண்டு கோல். மொத்தம் 176 நிமிஷம் 30 விநாடி ஆட்டம், 1-0. அதாவது கிட்டத்தட்ட மூன்று முழு ஆட்டம். மணி விடியற்காலை 2.25. நம் கணக்கில் மத்தியானச் சாப்பாடு முடிகிற நேரம். இன்று வரைக்கும் அதை மிஞ்சிய ஆட்டம் இல்லை. பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் கால் ஓய்ந்து நின்ற பிறகு, பெஞ்சில் அதிகம் உட்கார்ந்திருந்த பையனுக்குக் காலில் மிச்சம் இருந்தது. ஷூட்-அவுட் வைத்திருந்தால் அவனை யார் கூப்பிட்டிருப்பார்கள்? அந்த வருஷம் இறுதியில் டெட்ராய்ட் யாரைத் தோற்கடித்துக் கோப்பையை வாங்கியது என்று சின்னவனிடம் சொல்லாதே. உங்கள் டொராண்டோவைத்தான்.

சின்னவனுக்குச் சொல்ல வேண்டிய கதை வேறு ஒன்று இருக்கிறது. பில் பேரில்கோவைப் பற்றி. ஸ்காட்டியா பேங்க் அரங்கத்தின் கூரையில் 5 என்ற எண்ணோடு பதாகை தொங்குகிறதே, அது அவன் நினைவாக. நீ என்னை அழைத்துப் போனபோது கேட்டேன், பழைய ஆட்டக்காரர் என்று மட்டும் சொன்னாய். ஊர் திரும்பிய பிறகு நான் தேடிப் படித்தேன்.

வடக்கு ஒண்டாரியோவில் டிம்மின்ஸ் என்ற சுரங்க ஊர்க்காரன். டிஃபன்ஸ் ஆள். கோல் போடுவது அவன் வேலை இல்லை, முட்டி மோதுவதுதான் வேலை. 1951 இறுதித் தொடர், டொராண்டோவுக்கும் மான்ட்ரியலுக்கும். அந்தத் தொடரின் ஐந்து ஆட்டமும் ஓவர்டைமுக்குப் போனது, இதை மட்டும் கவனி. ஏப்ரல் 21, ஐந்தாவது ஆட்டம். கடைசி நிமிஷத்தில் லீஃப்ஸ் 2-1 என்று பின்னால் இருந்தார்கள். கீப்பரை வெளியே எடுத்துவிட்டு ஆறாவது ஆளை இறக்கி, 32 விநாடி மிச்சம் இருக்கும்போது டாட் ஸ்லோன் சமன் செய்தான். ஓவர்டைம் தொடங்கி மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. பேரில்கோ தன் இடத்தை விட்டு முன்னால் பாய்ந்து வந்தான். அப்படி வரக்கூடாது என்று பயிற்சியாளர் அவனை ஏற்கெனவே கண்டித்திருந்தார் என்பார்கள். விழுந்துகொண்டே அடித்தான். கோல். கோப்பை.

அவனுக்கு 24 வயசு. ஆகஸ்ட் மாதம் ஒரு பல் டாக்டரோடு சின்ன விமானத்தில் வடக்கே மீன் பிடிக்கப் போனான். 26ஆம் தேதி திரும்பி வரும் வழியில் விமானத்தைக் காணவில்லை. பெரிய தேடல் நடத்தினார்கள். அந்தக் காடு எப்படிப்பட்டது என்று நீ அல்கோங்க்வினுக்குக் கூட்டிப்போனபோது கொஞ்சம் பார்த்தேன். அது அதற்கும் வடக்கே, ஆள் அரவமே இல்லாத காடு. கிடைக்கவில்லை. அவன் ரஷ்யாவுக்குப் போய் ஹாக்கி சொல்லிக்கொடுக்கிறான் என்றுகூட ஜனங்கள் பேசினார்களாம். லீஃப்ஸுக்கும் கோப்பை வரவில்லை. ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, பதினொரு வருஷம். 1962 ஏப்ரல் 22இல்தான் மறுபடி ஜெயித்தார்கள். அதற்குப் பிறகு சில வாரத்தில், ஜூன் மாதம், காக்ரன் ஊருக்கு வடக்கே காட்டில் விமானத்தின் உடைசலை ஒரு ஹெலிகாப்டர்காரர் கண்டார். உள்ளே இரண்டு பேரும் இருந்தார்கள்.

இதில் சாபம், விமோசனம் என்று பேசுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். நம் ஊரில் அதற்கு ஆள் குறைவில்லை. எனக்கு வேண்டியது அந்தப் பாய்ச்சல். அவன் போட்ட கடைசி கோல் அது. முன்னால் வராதே என்று சொல்லி வைத்திருந்த ஆள், ஆட்டம் திறந்து கிடந்ததால் முன்னால் வந்தான். பெனால்டிக்குப் பெயர் எழுதிக் கொடுக்கிற தாளில் பேரில்கோ பெயர் ஒருநாளும் வந்திராது.

இன்னொன்று 1942 இறுதித் தொடர், டெட்ராய்ட்டோடு. மூன்று ஆட்டம் தோற்ற லீஃப்ஸ் நாலாவதற்கு டெட்ராய்ட் போகிறார்கள். பயிற்சியாளர் ஹாப் டே தன்னுடைய பெரிய கோல்காரன் கார்டி டிரில்லனையே உட்கார வைத்துவிட்டு, டான் மெட்ஸ் என்ற அதிகம் பேசப்படாத ஆளை இறக்கினார். பதினாலு வயசுப் பெண்பிள்ளை ஒருத்தி அணிக்கு எழுதிய கடிதத்தை உடை மாற்றும் அறையில் வாசித்துக் காட்டினார் என்றும் சொல்வார்கள். ஆட்டம் 4-3. அடுத்தது 9-3, அதில் மெட்ஸுக்கு மட்டும் மூன்று கோல். அதற்கடுத்தது 3-0. ஏழாவது ஆட்டம் ஏப்ரல் 18, டொராண்டோவில் 16,000 பேருக்கு மேல் முன்னிலையில், 3-1. கோப்பை இறுதியில் 0-3லிருந்து எழுந்து ஜெயித்த அணி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. டிரில்லன் அதற்குப் பிறகு டொராண்டோவுக்கு ஆடவேயில்லை. வாத்தியாராய் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஜெயித்த கதையைவிட அந்த மனுஷன் பெஞ்சில் உட்கார்ந்து நாலு ஆட்டத்தைப் பார்த்த கதைதான் எனக்குப் பெரிசாய்ப் படுகிறது. அதை யாரும் எழுதவில்லை.

பாஸ்டன் ஆட்டக்காரன் பாபி ஓரின் படத்தைச் சின்னவன் பார்த்திருப்பான். 1970 மே 10, பாஸ்டன், ஓவர்டைம் தொடங்கி 40 விநாடி. கோல் போட்ட நொடியில் எதிரணி ஆள் காலைத் தட்டிவிட, கையை விரித்துக்கொண்டு ஆகாயத்தில் படுத்த மாதிரி கிடக்கிறான். அந்தப் படத்தை எடுத்தவர் ரே லூசியர் என்ற பத்திரிகைக்காரர். அந்த இடத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு படக்காரர் பீர் குடிக்க எழுந்து போயிருந்ததாக ஒரு கதை உண்டு. நிஜமோ பொய்யோ, ஓவர்டைம் சமயத்தில் பாத்ரூம் போகாதே என்று நீ எங்களை மிரட்டுவதற்கு நல்ல ஆதாரம்.

சரி, தோல்விக்கு வருகிறேன். லீஃப்ஸ் கடைசியாகக் கோப்பையைத் தூக்கியது 1967 மே 2. லீக்கில் மொத்தமே ஆறு அணிகள் இருந்த கடைசி வருஷம். அப்போது நான் டவுசர் பையன், கனடா எந்தத் திசை என்று தெரியாது. 1993இல் மறுபடி இறுதிக்குப் போக ஒரு ஆட்டம் பாக்கி. லாஸ் ஏஞ்சல்ஸில் ஆறாவது ஆட்டம், ஓவர்டைம். எதிரணி வெய்ன் கிரெட்ஸ்கியின் மட்டை லீஃப்ஸின் டக் கில்மரின் தாடையைக் கிழித்து ரத்தம் வருகிறது. ரெஃபரி கெர்ரி ஃப்ரேசர் தண்டனை கொடுக்கவில்லை. சற்று நேரத்தில் அதே கிரெட்ஸ்கி கோல் போட்டு முடித்தார். இரண்டு நாள் கழித்து டொராண்டோவிலேயே ஏழாவது ஆட்டம், அவருக்கு மூன்று கோல், 5-4. ஃப்ரேசர் தான் பார்க்கவில்லை என்று பின்னால் வருத்தம் தெரிவித்தார். உன் ஆபீஸில் அந்த வயசான வெள்ளைக்காரர் இன்னும் அவர் பெயரைக் கேட்டால் முகம் சிவக்கிறார் என்றாயே, அவர் கட்சியில் நானும் சேர்ந்துகொள்கிறேன் என்று சொல்.

2013 மே 13 உனக்கு நேரடி அனுபவம். பாஸ்டனில் ஏழாவது ஆட்டம், மூன்றாவது பகுதியில் 4-1 என்று முன்னால் இருந்து, மூன்று கோல் விட்டு, அதில் இரண்டைக் கடைசி ஒன்றரை நிமிஷத்துக்குள் விட்டு, ஓவர்டைமில் பெர்ஜரானிடம் தோற்றது. அந்த பாஸ்டன் அணியில் ஒரு குட்டையன் இருந்தான் பார்த்தாயா? மார்ச்சண்ட். 2018, 2019, 2024 என்று பாஸ்டன் சட்டையில் வந்து ஏழாவது ஆட்டத்தில் உங்களை அனுப்பினான். இந்த வருஷம் சட்டையை மாற்றிக்கொண்டு ஃபுளோரிடாவிலிருந்து வந்தும் அதையே செய்தான். டொராண்டோவுக்கு எதிரான ஏழாவது ஆட்டங்களில் ஐந்துக்கு ஐந்து. எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. என் அணியில் இருந்தால் பிடிக்கும். இப்படி ஒரு ஆளைப் பன்னிரண்டு வருஷம் தொடர்ந்து வெறுக்க முடிவதே இந்த ஏழு ஆட்டத் தொடர் முறையால்தான். எங்கள் கோவில்பட்டி நாக்-அவுட்டில் இன்றைக்குத் தோற்கடித்தவன் நாளைக்கு ரயில் ஏறிப் போய்விடுவான். முகம்கூட மறந்துவிடும்.

2023 ஏப்ரல் 29ஐயும் சின்னவனுக்கு ஞாபகப்படுத்து. அவனுக்கு எட்டு வயசு, சோபாவில் என் மடியில் கால் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். தாம்பாவில் ஆறாவது ஆட்டம், ஓவர்டைம். டவாரெஸ் கோல் முதுகுப்புறம் இருக்கத் திரும்பி அடித்தது எதிரணிக்காரன் மேலேயே பட்டு உள்ளே போயிற்று. 2004க்குப் பிறகு முதல் தொடர் வெற்றி. நீ கத்திய கத்தில் பிள்ளை எழுந்துவிட்டான். ஸ்கார்பரோ தெருவில் கார் ஹாரன்கள், எதிர் வீட்டு யாழ்ப்பாணத்துப் பெரியவர் சாரத்தோடு வாசலில் இறங்கி நின்று, குளிரில் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். ஒருத்தரை ஒருத்தர் அதுவரை பேசியதில்லை. அழகான கோலா என்றால் இல்லை. எங்கோ பட்டு எங்கோ போனது. ஆனால் ஆடிக்கொண்டிருக்கும்போது விழுந்தது. ஷூட்-அவுட் வைத்து டவாரெஸ் தனியாகப் போய் அழகாக ஒன்று போட்டிருந்தால் நீ அந்தக் கத்து கத்தியிருப்பாயா? கத்தியிருப்பாய். ஆனால் இத்தனை நாள் கழித்து என்னிடம் அதைப் பேசியிருக்க மாட்டாய்.

இன்னொன்று சொல்லாமல் விட மனசில்லை. அந்தக் கோப்பை யார் பெயரில் இருக்கிறது? ஸ்டான்லி பிரபு, கனடாவின் கவர்னர் ஜெனரல். 1892இல் அதைக் கொடுக்கிறேன் என்று அறிவித்தார், 1893 முதல் கொடுக்கிறார்கள். அவருடைய பிள்ளைகள் ஒட்டாவாவில் ஹாக்கிப் பைத்தியம் பிடித்து ஆடியதால்தான் அப்பாவுக்கு அந்த யோசனை வந்தது. அவர் ஊர் திரும்பிவிட்டதால், தன் பெயரிலுள்ள கோப்பைக்கு நடந்த ஆட்டம் ஒன்றைக்கூட நேரில் பார்க்கவில்லை. அவருடைய இன்னொரு பிள்ளை ஜார்ஜ் பிரெடரிக் ஸ்டான்லி. அந்தப் பிள்ளை எங்கே போனார் தெரியுமா? நம் மெட்ராஸுக்கு. 1929 முதல் 1934 வரை கவர்னர். 1934இல் மேட்டூர் அணை திறந்தபோது அந்த நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள்: ஸ்டான்லி நீர்த்தேக்கம். 120 அடி நிரம்பினால் 93 டி.எம்.சி.க்கு மேல். ராயபுரத்தில் உன் சித்தப்பாவுக்கு ஆபரேஷன் நடந்ததே, அந்த ஸ்டான்லி ஆஸ்பத்திரியும் அவர் பெயர்தான். அப்பா பெயரில் கோப்பை, மகன் பெயரில் காவிரித் தண்ணீர். சின்னவன் பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னால் அவன் வாத்தியாருக்கே தெரிந்திருக்காது. லீஃப்ஸ் தோற்றாலும் நமக்கும் அந்தக் கோப்பைக்கும் உறவுமுறை உண்டு என்று சொல்.

உன்னிடம் வழக்கு இவ்வளவுதான். பதிலை வாயால் சொல்லாதே, எழுது. உன் அம்மா போனை வாங்கிக்கொள்வாள்.

பாய் விஷயம். சின்னவனுக்கு அவன் பெயரும் லீஃப்ஸ் இலையும் போட்டு ஒரு பட்டுப்பாய் நெய்து அனுப்பலாம் என்று இருக்கிறேன். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை, பெண் பெயர் போட்டு நெய்கிறவர்களுக்கு இது பெரிய காரியம் இல்லை என்று நினைத்து, அடுத்த தெருவில் நெய்கிற அம்மாவிடம் நீ அனுப்பிய படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். நீலச் சாயம் பிரச்சினை இல்லையாம். இலைக்கு எத்தனை முனை என்று கேட்டார்கள். நான் முந்தியே படித்து வைத்திருந்தேன்: 31. 1931இல் பழைய அரங்கம் திறந்ததன் நினைவாக 2016இல் அப்படி வரைந்தார்களாம். உள்ளே நரம்பு 17, அணி அந்தப் பெயர் இல்லாமல் தொடங்கிய 1917க்காக.

"முப்பத்தொண்ணு முனையா? சாரே, இது இலையா, முள்ளுச்செடியா? கோரையில அஞ்சு முனை வேணா போடுதேன், நரம்பெல்லாம் கேக்கப்படாது" என்றுவிட்டார்கள்.

பேசிப் பேசி 11 முனைக்கு இறக்கி வைத்திருக்கிறேன், உங்கள் நாட்டுக் கொடியில் இருக்கிற இலை மாதிரி. அதற்கே கூலி கூட்டிக் கேட்கிறார்கள், நியாயம்தான். 11 முனை போதுமா, நிறம் அந்த ஜெர்சியின் நீலம்தானா, பெயரைத் தமிழில் போடுவதா இங்கிலீஷில் போடுவதா என்று சின்னவனையே கேட்டு அடுத்த வாரத்துக்குள் சொல். மழை முந்திவிட்டதால் கோரை காய்வது தாமதமாகும் என்கிறார்கள். ஆகஸ்டில் இங்கிருந்து டொராண்டோ வருகிறவர் ஒருத்தர் பெட்டியில் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பிள்ளைகளுக்கும் உன் வீட்டுக்காரிக்கும் என் ஆசி. அத்தை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
உன் மாமா